பேராசிரியர் என்ன படித்தவர்? கேட்டுவிட்டு கேள்வியைக் கேளுங்கள்!

"வாழை மஞ்சளா வருதுங்க சார், என்ன மருந்து அடிக்கலாம்?"

வேளாண் கல்லூரிகளுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் வரும் தொலைபேசி அழைப்புகளில் இது பழகிப்போன கேள்வி. ஆனால், போனை எடுப்பவர் என்ன படித்தவர் என்பதைப் பொறுத்து அவருக்கு எழும் முதல் சந்தேகம் மாறிவிடும். பூச்சியியல் படித்தவர், "தண்டுல ஓட்டை இருக்கா, பிசின் மாதிரி வடியுதா?" என்பார். நோயியல் படித்தவர், "அடி இலை மடிஞ்சு தொங்குதா? கிழங்கை வெட்டிப் பாத்தீங்களா?" என்பார். மண்ணியல்காரர் பொட்டாஷ் வைத்தீர்களா என்று ஆரம்பிப்பார். நூற்புழுவியல் படித்தவருக்கு வேரைப் பார்க்காமல் பேச்சே வராது.

நான்கு பேரும் சரியாகத்தான் கேட்கிறார்கள். வாழை இலை மஞ்சளாவதற்கு இந்த நான்கு காரணங்களும் உண்டு. இன்னும் சிலவும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இவர்கள் எல்லோருமே விவசாயிக்கு 'காலேஜ் சார்'தான். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டத்தையும், அதற்குக் கீழே இருக்கும் துறையின் பெயரையும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கல்லூரிகளோ தங்கள் ஆசிரியர்களின் படிப்பு, ஆராய்ச்சித் துறை, எந்தப் பயிரில் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் வெளிப்படையாகவே வெளியிடுகின்றன. வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் மாணவர்களும்தான் அதைப் படிக்கிறார்கள். அதிகம் படிக்க வேண்டியவர் விவசாயி.

ஒரே மஞ்சள்... பல காரணம்!

வாழையையே எடுத்துக்கொள்ளலாம். ரஸ்தாளி போட்ட தோட்டத்தில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கினால், அது பெரும்பாலும் வாடல் நோய். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் பூஞ்சணம் இதற்குக் காரணம். இந்த நேரத்தில் பூச்சி மருந்தை எவ்வளவு தெளித்தாலும் காசுக்குத்தான் கேடு.

அதே அடி இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் காய்ந்து வந்து, கிழங்கு வெட்டிய இடத்தில் சுத்தமாக இருந்தால், சாம்பல்சத்துப் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். மஞ்சள் குருத்து இலையில் தொடங்கி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இதை நிறையப் பார்க்கலாம். பழைய இலையா, புது இலையா என்ற ஒரே ஒரு விவரம் மண்ணியல் பேராசிரியருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். சாம்பல்சத்து குறையும்போது செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது.

மரம் வளர்த்தியின்றி வெளுத்து நின்று, குலை தள்ளியபின் லேசான காற்றுக்கே வேரோடு சாய்கிறதா? வேரை நீளவாக்கில் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே செம்பழுப்புத் திட்டுகள் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுவைப் படிப்பதற்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை என்று தனித்துறை இருக்கிறது. பல விவசாயிகளுக்கு இப்படியொரு துறை இருப்பதே தெரியாது.

முடிக்கொத்து நோய் வந்தால் கதை இன்னும் சிக்கல். இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும், ஓரம் மஞ்சளடிக்கும். இது வைரஸ். வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால், அதைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோவது அசுவினி. ஆக, நோயியல்காரர் "மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள்" என்பதும், பூச்சியியல்காரர் "மற்ற மரங்களில் அசுவினியைக் கட்டுப்படுத்துங்கள்" என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் தோட்டம் மிஞ்சும். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு, "ஆளுக்கொன்னு சொல்றாங்க" என்று கடைக்காரர் கொடுக்கும் மூன்று பாட்டிலைக் கலந்து அடிப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

பட்டம் எப்படி ஏறுகிறது?

இளநிலை வேளாண்மைப் பட்டம் நான்கு ஆண்டு. அதில் எல்லோரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பார்கள்: மண், விதை, பூச்சி, நோய், பொருளாதாரம், விரிவாக்கம். முதுநிலைக்குப் போகும்போது பாதை பிரிகிறது. அங்கே இரண்டு ஆண்டு ஒரே துறை. முனைவர் பட்டத்துக்கு வந்தால் அந்தத் துறைக்குள்ளும் ஒரு சந்து. ஒரு பயிரின் ஒரு நோய், ஒரு பூச்சியின் ஒரு ஒட்டுண்ணி, ஒரு மண் வகையில் ஒரு சத்து என்று அதிலேயே குறைந்தது மூன்று ஆண்டு. அதனால், முனைவர் பட்டம் பெற்றவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பதும் தவறு. "இதுகூட இவருக்குத் தெரியலையே" என்று இளக்காரமாகப் பேசுவதும் தவறு. கண் மருத்துவரிடம் போய் மூட்டுவலிக்கு மருந்து கேட்டால் அவர் என்ன செய்வார்?

துறைப் பெயர்களைக் கொஞ்சம் பழகிக்கொண்டால் போதும். புது ரகம், விதை மாற்றம் என்றால் பயிர் மரபியல் மற்றும் இனப்பெருக்கத் துறை. விதைப்பு இடைவெளி, களை, பாசன நேரம் என்றால் உழவியல். வாங்கிய விதை முளைக்கவில்லை, சேமித்த விதை கெட்டுவிடுகிறது என்றால் விதை அறிவியல். அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா பற்றிக் கேட்க வேளாண் நுண்ணுயிரியல். பூ கொட்டுகிறது, குரும்பை உதிர்கிறது என்றால் பயிர் வினையியல். பலரும் வாங்கித் தெளிக்கும் 'பயறு ஒண்டர்', வேர் மூலம் கட்டும் 'தென்னை டானிக்' எல்லாம் அந்தத் துறையின் ஆராய்ச்சியில் வந்தவைதான். அறுவடையின்போது என்ன விலை கிடைக்கும் என்று முன்கணிப்பு சொல்பவர்களும் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள்; அவர்கள் பொருளியல் படித்தவர்கள். அவர்களிடம் போய்ப் புழுவைக் காட்டிப் பயனில்லை.

குவாம் தீவில் பார்த்த பூச்சி!

ஒருவர் எதை ஆராய்ச்சி செய்தார் என்பது ஊருக்கே எப்படி உதவும் என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2008-ம் ஆண்டு, கோயம்புத்தூரில். பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, ஏன், பார்த்தீனியம் செடியில்கூட வெள்ளை வெள்ளையாக அப்பியது. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கம் பட்டு வளர்ப்பவர்களும் மரவள்ளி விவசாயிகளும் தவித்துப்போனார்கள். மருந்து அடித்தார்கள். உடம்பின் மேல் மெழுகுபோல மாவு பூசிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு மருந்து சரியாக ஒட்டவில்லை. நன்மை செய்யும் பூச்சிகள் செத்ததுதான் மிச்சம்.

அந்தப் பூச்சியைக் கோவையில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன். தமிழ்நாட்டுக்காரரான அவர் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவின் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் வேலை பார்த்தவர். அவருடைய துறை, பூச்சியைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்தும் உயிரியல் முறை. கோவையில் தலைகாட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதே மாவுப்பூச்சி குவாமில் புகுந்திருந்தது. அங்கே அதை அடக்கிய வேலையில் அவரும் இருந்தார். ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டால் அடங்கும் என்ற அனுபவம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

அதற்குப் பிறகான வேலை பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 2010-ம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தார்கள். வந்த வேகத்தில் வயலில் விட்டுவிடவில்லை. இங்குள்ள மற்ற நல்ல பூச்சிகளுக்கு ஆபத்து வருமா என்று அடைத்துவைத்துச் சோதித்தார்கள். மூன்றில் 'அசரோபேகஸ் பப்பாயே' என்ற குளவி நன்றாக வேலை செய்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே தின்று அதைக் கூடாக்கிவிடும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் விவசாயிகளுக்குக் கொடுத்தன. குளவி விட்ட தோட்டங்களில் சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. மருந்தை நிறுத்தினால்தான் குளவி பிழைக்கும் என்பதை விவசாயிகளை நம்பவைத்தது தனி வேலை. அதைச் செய்தவர்கள் விரிவாக்கத் துறைக்காரர்கள். விரிவாக்கம் என்றால் கூட்டம் போட்டுப் பேசும் வேலை என்று கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

படித்தது உருளைக்கிழங்கு... செய்தது கோதுமை!

பட்டத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவுசெய்யவும் கூடாது. எம்.எஸ்.சுவாமிநாதன் முதலில் படித்தது திருவனந்தபுரத்தில் விலங்கியல். பிறகுதான் கோவை வேளாண் கல்லூரி. 1952-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய முனைவர் பட்டம் உருளைக்கிழங்கு இனங்களின் மரபணுத் தொகுதி பற்றியது. நாடு அவரை அறிந்ததோ கோதுமையிலும் நெல்லிலும்.

தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். வேளாண்மைப் பட்டமே இல்லாத அவர், 1934-ம் ஆண்டு கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணிப் படிப்பதுதான் அவருக்குக் கைவந்த கலை. காட்டு நாணலையும் கரும்பையும் கலந்து ரகம் உண்டாக்கிய நிலையத்துக்கு அந்தப் படிப்புதான் தேவைப்பட்டது.

ஆகவே, பட்டத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடைசிச் சில ஆண்டுகளாக அவர் எந்தப் பயிரில், எந்த ஆராய்ச்சித் திட்டத்தில் இருக்கிறார்? இது அவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்தே பாதி தெரிந்துவிடும். நெல்லுக்கு ஆடுதுறை, பயறுக்கு வம்பன், தென்னைக்கு ஆழியார் நகரும் வேப்பங்குளமும், மரவள்ளிக்கு ஏத்தாப்பூர், மஞ்சளுக்கு பவானிசாகர், வாழைக்குத் திருச்சி தேசிய ஆராய்ச்சி மையம். களர் நிலத்தில் நெல் போடுபவர்கள் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும். களரைத் தாங்கும் 'டிஆர்ஒய் 1' நெல் பிறந்த இடம் அது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சம்பந்தமில்லாத நிலையத்துக்கு அலைவதைவிட, தொலைவில் இருக்கும் சரியான ஆளுக்கு ஒரு போன் மேல்.

மாட்டுக்கும் இதே கணக்குதான். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் வைத்தியம் பார்ப்பார். ஆனால், பல முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டை, ஈனியல் படித்தவரிடம் காட்டுவது நல்லது. அவரே பார்த்துவிட்டு, "தாது உப்பு பத்தலை" என்று தீவனம் படித்தவரிடம் அனுப்பினாலும் ஆச்சர்யம் இல்லை.

யார் என்ன படித்தவர் என்று தேட வழியே இல்லாதவர்களுக்கு, மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1974-ம் ஆண்டு நாட்டிலேயே முதன்முதலாகப் புதுச்சேரியில் தொடங்கிய இந்த நிலையங்களில், வெவ்வேறு துறை படித்த வல்லுநர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். போனதும், "பயிர் நோய் படிச்சவர் யாருங்க?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் துறைக்கு அங்கு ஆள் இல்லையென்றால் எந்தக் கல்லூரியில் யாரைப் பார்க்கலாம் என்றும் கேட்டு வாங்கலாம்.

போகும்போது ஒரே ஒரு இலையைக் கிள்ளிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனால் எந்தப் பட்டத்தாலும் பயன் இல்லை. பழைய இலை ஒன்று, புது இலை ஒன்று, காகிதத்தில் சுற்றி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் புழுங்கி அழுகிவிடும். வேருக்கு இது நேர்மாறு. சுற்றியுள்ள ஈரமண்ணோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோனால்தான் நூற்புழு உயிரோடு இருக்கும், சோதனையில் தெரியும். ரகத்தின் பெயர், நட்ட தேதி, வைத்த உரம் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். கடைசியாக அடித்த மருந்தின் பாட்டிலையும், லேபிள் கிழியாமல், கையோடு கொண்டுபோக வேண்டும்.