இருநூற்றெட்டாவது இதழ்

தவணை தவறாது எழுதுகின்ற ஒருவன் நூறாவது கட்டுரையையோ இருநூறாவது கட்டுரையையோ எட்டியதும், கட்டி வைத்த பழைய தாள்களை அவிழ்த்துப் பார்க்க ஆசைப்படுவது இயல்பே. எது நன்றாய் அமைந்தது, எது அவசரத்திற் பிறந்தது, எதனை வாசகர் கொண்டாடினர், எதனைப் பாராமலே தள்ளினர் என்று அவன் கணக்குப் பார்ப்பான். அந்தக் கணக்கு அவன் மனக்கணக்கோடு ஒத்து வருவது அரிது. இதற்கு ஆங்கில இலக்கியத்திலே நாம் காணும் சிறந்த சாட்சி சாமுவேல் ஜோன்சன்.

ஜோன்சன் என்றதும் மாணவர்க்கு அகராதியே நினைவுக்கு வரும். இலண்டன் மாநகரில் கொஃப் சதுக்கத்து வீட்டின் மேன்மாடத்தில், ஆறு எழுத்தர்களைத் துணையாக வைத்துக்கொண்டு அவர் தொகுத்த அந்தப் பேரகராதி 1755ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே மனிதர் அதே காலத்தில் வேறொரு பாரத்தையும் சுமந்தார் என்பது பலர் அறியாதது. 1750 மார்ச் 20ஆந் திகதி தொடங்கி, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் 'றம்பிளர்' என்ற பெயரிலே சிறு தாளொன்று வெளிவந்தது. விலை 2 பென்ஸ். இதழுக்கு ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் அதில் இராது. இரண்டு வருடங்களில் 208 இதழ்கள். ஒரு தவணையாயினும் தவறியதில்லை. நண்பர்கள் எழுதியுதவிய நான்கைந்து இதழ்கள் நீங்கலாக ஏனையவெல்லாம் அவர் ஒருவரே எழுதியவை. இதழொன்றுக்கு 2 கினி ஊதியம். அகராதிக்கென்று பேசிய 1,575 பவுண் எழுத்தர் சம்பளமாகவும் வீட்டுச் செலவாகவும் கரைந்துகொண்டிருந்த அந்நாளில், கிழமைக்கு 4 கினி என்பது அவருக்குச் சிறு தொகையன்று.

பெயர் வைத்த கதை வேடிக்கையானது. தாளுக்கு என்ன பெயரிடுவதென்று தோன்றாமல், பெயர் கிடைக்கும்வரை உறங்குவதில்லையென்று ஓரிரவு கட்டில் விளிம்பில் அமர்ந்தாராம். தோன்றியவற்றுள் 'அலைந்து திரிபவன்' என்ற பொருள் தரும் இச்சொல்லே மேலாகப் பட்டது, எடுத்துக்கொண்டார். பின்னாளில் இத்தாலியர் அதனை 'இல் வகபொந்தோ' என மொழிபெயர்த்தனர். நம்மவர் பேச்சிற் சொல்வதானால் 'ஊர்சுற்றி'. அத்துணைக் கனமான அறவுரைகளுக்கு இப்படியும் ஒரு தலைப்பு!

கனம் என்றோம், அது உண்மை. ஜோன்சனுடைய வசனம் பழைய பண்டிதர் வசனம் போன்றது. இலத்தீன் வழிச் சொற்கள் நிறைந்து, வாக்கியத்துள் வாக்கியம் அடங்கி, மூச்சுப் பிடித்து வாசிக்க வேண்டியதாய் இருக்கும். ஆகவே தாள் 500 பிரதிகூட விற்கவில்லை. வெளியூர்ப் பத்திரிகைகள் பல இக்கட்டுரைகளை எடுத்து மறுபிரசுரஞ் செய்தபடியால் வாசித்தோர் தொகை அதனினும் மிகுதி என்பது வேறு விடயம். ஆனால் விற்பனைக் கணக்கிலே ஓர் இதழ் மட்டும் தனித்து உயர்ந்து நின்றது. அது 97ஆம் இதழ். முன்னாளில் பெண்கள் எவ்வளவு அடக்கமாய் இருந்தனர், இந்நாளில் எப்படித் திரிகின்றனர் என்று பழமை பேசும் கட்டுரை அது. எழுதியவர் ஜோன்சனல்லர், நாவலாசிரியர் சாமுவேல் றிச்சாட்சன்! இருநூறு தடவை தம் மூளையைப் பிழிந்தவருக்கு, ஒருமுறை விருந்தாளியாக வந்தவர் எழுதியதே நன்றாக விற்றது என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்?

அந்தக் கட்டுரையை நாம் ஒருமுறை வாசித்தோம். மறுமுறை வாசிக்கத் தோன்றவில்லை. நாம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பவை வேறு.

முதலாவது 134ஆம் இதழ். முதல்நாட் காலையில் எதை எழுதலாமென்று ஒன்றன்பின் ஒன்றாய் எண்ணிக்கொண்டே பொழுதைப் போக்கியதையும், எண்ணம் முடியுமுன் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதையும் ஜோன்சன் ஒளியாமற் சொல்கிறார். சொல்லிவிட்டு, அந்தச் சோம்பலையே பொருளாக எடுத்து, செய்ய வேண்டியதை நாளைக்கென ஒத்திவைக்கும் மனித குணத்தைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை தருகிறார். ஓவியர் றேனோல்ட்ஸ் வீட்டு முன்னறையில் அச்சகப் பையன் காத்துநிற்க இதனை எழுதினாரென்று பின்னாளில் ஒரு கதை வழங்கிற்று. கதை நன்று, ஆயினும் இதழ் வெளியான 1751 யூன் மாதத்தில் றேனோல்ட்ஸ் இருந்தது இத்தாலியில். பையன் வேறெங்கோதான் காத்து நின்றிருப்பான்.

அடுத்து 114ஆம் இதழ். ஆடு திருடினவனும் ஆளைக் கொன்றவனும் ஒரே தூக்குமரத்தில் தொங்கிய காலம் அது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் குற்றவாளியைக் காணுந்தோறும், இவன் என்னிலும் குறைந்த குற்றமுடையவனோ என்று தம்மையே கேட்டுக்கொண்ட ஒல்லாந்து மருத்துவர் பூர்ஹாவவை நினைவூட்டுகிறார். களவுக்கும் கொலைக்கும் தண்டனை ஒன்றேயாயின், களவெடுத்தவன் சாட்சியைக் கொன்றுவிடத் துணிவானன்றோ என்பது அவர் வாதம். சட்டம் அவர் பக்கம் திரும்ப நெடுங்காலம் சென்றது; ஆடு திருடியோர்க்குரிய தூக்கு இங்கிலாந்தில் நீங்கியது 1832இல். ஜோன்சன் இறந்தது 1784இல்.

எம் மனத்தை விட்டு அகலாதவை 170ஆம், 171ஆம் இதழ்கள். மிசெல்லா என்ற பெண் தன் கதையைத் தானே கடிதமாய்ச் சொல்கிறாள். பிள்ளைகள் நிறைந்த, செல்வங் குன்றிய குடும்பம். பணக்கார உறவினர் ஒருவர் அவளைத் தாம் வளர்ப்பதாய்க் கூட்டிச் செல்கிறார். ஊர் அவரைப் புகழ்கிறது. வளர்ந்தபின் அவளைக் கெடுத்தவரும் அவரே, கைவிட்டவரும் அவரே. படிப்படியாய் அவள் இலண்டன் தெருவுக்கு வந்து சேர்கிறாள். பசிக்கும் குளிருக்கும் அஞ்சி வீதியில் நிற்கும் அவளைக் குறைகூற வாசகனுக்கு மனம் வராது. அந்த உறவினரை மன்னிக்கவும் மனம் வராது. இதை எழுதியவர் எழுத்தோடு நின்றவரல்லர். நோயுற்று நள்ளிரவில் தெருவிலே கிடந்த அத்தகைய பெண்ணொருத்தியைத் தம் முதுகிலே சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நெடுநாள் பராமரித்துக் குணப்படுத்தினார் என்று அவர் சரிதையை எழுதிய ஜேம்ஸ் பொஸ்வெல் கூறுகிறார். அந்தச் சரிதைக்கே வித்திட்டது 60ஆம் இதழ் எனலாம்: மனிதனுடைய வரலாறு அவன் வீட்டு அன்றாடச் செய்திகளில் இருக்கிறதேயன்றிப் பட்டம் பதவிகளில் இல்லையென அங்கே எழுதியவர் ஜோன்சன், அவரைப்பற்றியே அவ்வாறு எழுதிக் காட்டியவர் பொஸ்வெல்.

1752 மார்ச் 14ஆந் திகதி, சனிக்கிழமை. 208ஆம் இதழிலே ஜோன்சன் தாமே திரும்பிப் பார்க்கிறார். பொதுமக்களின் செல்லப்பிள்ளையாய்த் தாம் ஒருபோதும் இருந்ததில்லையென ஒப்புக்கொள்கிறார். அன்றன்றைய பரபரப்பைத் தொட்டு வாசகரை இழுக்க முயலவில்லை என்கிறார். குறித்த நாளில் எழுதியே தீரவேண்டுமென்று தனக்குத்தானே விதித்துக்கொண்டவன் சிதறிய கவனத்தோடும், கவலை மண்டிய மனத்தோடும், நோயால் வாடிய உடலோடும் பலமுறை மேசைக்கு வரநேரும் என்கிறார். கவலை யாதென்று அவர் சொல்லவில்லை.

அவர் மனைவி எலிசபெத் நெடுநாளாக நோயாளி. அவரிலும் இருபது வயது மூத்தவர். வறுமையை உடனிருந்து சகித்தவர். றம்பிளர் சில இதழ்கள் வெளிவந்தபின் அந்த அம்மையார் கணவரிடம், உம்மைப்பற்றி முன்பே உயர்வாய் எண்ணியிருந்தேன், ஆயினும் இவ்வளவு சிறப்பாய் எழுதுவீரென்று எண்ணவில்லை என்ற கருத்துப்படச் சொன்னார். வேறெவர் புகழ்ச்சியிலும் அதுவே ஜோன்சனுக்குப் பெரிதாயிருந்தது. கடைசி இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். மனைவியின் மணமோதிரத்தைச் சிறிய மரச்செப்பொன்றில் இட்டு, ஜோன்சன் தம் ஆயுள் முழுதும் காத்து வைத்திருந்தார்.

தாள்கள் நூலாயின. விற்காத அந்த றம்பிளர், ஜோன்சன் உயிரோடிருந்த காலத்திலேயே இலண்டனில் பத்துப் பதிப்புக் கண்டது. அச்சேறுமுன் ஒருதரமேனும் திருப்பி வாசியாமல் கொடுத்தனுப்பிய பல கட்டுரைகளை, பதிப்புக்குப் பதிப்பு ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தினார். தம்முடைய ஏனைய நூல்கள் தண்ணீர் கலந்த மது, றம்பிளர் மட்டுமே கலப்பில்லாதது என்று ஒருமுறை சொன்னதாகக் கேள்வி. ஆனால் முதுமையில் அவர் அவ்விதழ்களுள் ஒன்றை மீண்டும் வாசித்துக் கொண்டிருந்தபோது, எப்படியிருக்கிறதென்று நண்பர் லாங்டன் கேட்டார். கிழவர் தலையை அசைத்தார். சொற்கள் மிகுதி என்றார்.