உற்பத்திப் புள்ளியும் உழைப்புப் பிரிவினையும்: கட்டட வரைவு மென்பொருள் பற்றிய ஒரு குறிப்பு

எமது கணிதப் பாடநூல்களில், ஆள்கூற்று அச்சுக்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி 'உற்பத்தி' எனப்படும். எல்லாத் தூரங்களும் அவ்விடத்திலிருந்தே அளக்கப்படுகின்றன. இயற்கை அப்புள்ளியை எங்கும் குறித்து வைக்கவில்லை. மனிதர் தம் தேவை கருதி அதனை ஓரிடத்தில் நிறுவுகின்றனர். ஆகவே, உற்பத்தி எங்கே உள்ளது என வினவுமுன், அது யாருடைய வேலைக்காக நிறுவப்பட்டது என வினவுதல் வேண்டும். கட்டட வரைவு மென்பொருள்களைப் பயில்வோர் எதிர்நோக்கும் குழப்பங்கள் பல இவ்வினா எழுப்பப்படாமையால் விளைவன.

இன்று பரவலாகப் பயன்படும் 'ரெவிட்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று புள்ளிகள் உள்ளன. முதலாவது, அக உற்பத்தி. இது மென்பொருளுக்கே உரியது. பயன்படுத்துவோர் இதனை இடம்பெயர்க்க முடியாது. இரண்டாவது, செயற்றிட்ட அடிப்புள்ளி. கட்டடத்தின் ஒரு மூலையிலோ, தூண்வரிசைக் கோடுகள் இரண்டு சந்திக்கும் இடத்திலோ கட்டடக்கலைஞர் இதனை வைப்பது வழக்கம். மூன்றாவது, நில அளவைப் புள்ளி. கட்டடத்தை நாட்டின் நில அளவை வலையமைப்போடு இணைப்பது இதுவே. பொறி, கட்டடக்கலைஞர், நில அளவையாளர் என்னும் மூன்று தரப்புகளின் வேலைகளுக்கு இவை முறையே உரியன. உழைப்புப் பிரிவினையே இங்கு வடிவகணித உருவம் பெற்றுள்ளது எனலாம்.

ஒரு புள்ளி போதாதா என்று கேட்கலாம். இலங்கையின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறை பீதுருதாலகால மலையை ஆதாரமாகக் கொண்டது. ஆயினும் அம்மலைக்குப் பூச்சியப் பெறுமானம் வழங்கப்படவில்லை. கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்பனவே அதற்குரிய பெறுமானங்கள். இதனாற் பூச்சியம் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் வீழ்கின்றது. நாட்டின் எப்பகுதிக்கும் மறை எண் வாராது. முந்திய மீற்றர் முறையில் அதே மலைக்கு வழங்கப்பட்டவை 200,000 மீற்றர்களாகும். எனவே ஒரே காணியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஆராயாது இணைப்பின், ஒவ்வோர் அச்சிலும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் விலகல் தோன்றும்.

நில அளவையாளருக்கு வசதியான இவ்வெண்கள் கணினிக்கு வசதியானவை அல்ல. யாழ்ப்பாண நகரின் வடக்கு ஆள்கூறு ஏறத்தாழ 794,000 மீற்றர். திரையில் உருவங்களை வரையும் கணினிப் பகுதி, வழமையாக ஓர் எண்ணை 32 இரும இலக்கங்களுள் அடக்குகின்றது. அம்முறையில், 524,288க்கும் 1,048,576க்கும் இடைப்பட்ட எண்களை 1/16 என்ற படிகளாகவே குறிக்க முடியும். மீற்றரில் இது 6.25 சென்ரிமீற்றர் ஆகும். ஒரு கதவு நிலையின் கோடு இவ்வளவு தூரம் விலகித் தோன்றினால், அவ்வரைபடத்தை எவ்வாறு நம்புவது? அக உற்பத்தியிலிருந்து 10 மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஆரையுள் வரைதல் வேண்டும் என ரெவிட் விதிப்பது இத்தகைய காரணத்தினாலேயாம்.

தீர்வு கடினமானதன்று. கட்டடத்தை அக உற்பத்திக்கு அண்மையில் வரைந்து, நில அளவைப் பெறுமானங்களைப் 'பகிர்ந்த ஆள்கூறுகள்' வாயிலாக அதற்கு வழங்குதல் வேண்டும். இதனாற் கட்டடம் நகர்வதில்லை. அதன் முகவரியே பெறப்படுகின்றது. பொறியியலாளரும், மின், நீர் வேலைகளுக்கான வரைவாளரும் அதே பகிர்ந்த ஆள்கூறுகளைக் கொண்டே தம் கோப்புக்களை இணைத்தல் வேண்டும். மையத்தோடு மையம் பொருத்தும் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு மதில் கூடினும் மையம் வேறாகிவிடும்.

இதனை வெறும் தொழில்நுட்ப நுணுக்கமென ஒதுக்குதல் தகாது. முளை அடித்து நூல் கட்டும் மேசனுக்குத் திரையிலுள்ள மூன்று புள்ளிகளும் தெரிவதில்லை. அவர் கையில் இருப்பது அச்சிட்ட தாளே. அரை மீற்றர்ப் பிழை அத்திவாரத்தை அயல் வளவுக்குள் கொண்டுசெல்லப் போதும். அதனை உடைத்து மீள வெட்டும் உழைப்பு அவருடையது. எல்லை வழக்குக்குச் செலவழிப்பவர் சிறு காணிக்காரர். உற்பத்திப் புள்ளி தீர்மானிக்கப்படும் மேசையில் இவ்விருவருக்கும் இடமில்லை. எனவே எந்த ஆள்கூற்று முறை, எந்தப் புள்ளி, அதன் பெறுமானம் யாது, நிலத்தில் அது எவ்விடத்தில் அடையாளமிடப்பட்டுள்ளது என்னும் நான்கும் வரைபடத்தின் முதற்றாளில், வேலைத்தலத்தில் உள்ளோர் வாசிக்கும் மொழியில் எழுதப்படல் வேண்டும். இணக்கத்தால் நிறுவப்படும் புள்ளி, அதன்மீது கட்டுவோர் அனைவரும் அறிந்த இணக்கமாக இருத்தலே முறை.