வண்டலூரில் கேமராவும் கண்ணும்

விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்குச் சென்னைப் பெருஞ்சாலை பெரும்பாலும் வைத்தியத்திற்கும் உத்தியோகத்திற்கும் கல்யாண காரியங்களுக்கும் போய்வருகிற வழியாகவே அமைந்துவிட்டது. அதே சாலையில் விக்கிரவாண்டியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வடக்கே பிரயாணம் செய்தால், மாநகரத்தின் நெரிசலுக்குள் முழுவதும் புகுவதற்கு முன்னரே வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா விரிந்து கிடக்கிறது. தென்திசைப் பேருந்துகள் இப்போது வந்து நிற்கும் கிளாம்பாக்கம் நிலையமும் அதற்குச் சமீபத்திலேயே உள்ளது. கைபேசியின் வடிவில் கேமரா எல்லோர் கைக்கும் வந்துவிட்ட இக்காலத்தில், அங்கே செல்பவர்கள் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. ஆனால் அப்படங்களில் பெரும்பாலானவற்றில் கம்பிவலையே தெளிவாகவும் மிருகம் மங்கலாகவும் இருப்பதற்குக் கருவியின் குறையைவிட நம்முடைய அவசரமே காரணம்.

இந்தப் பூங்காவின் பூர்வகதை 1855-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை வகித்த எட்வர்டு பால்ஃபர் என்ற வைத்தியர் அதன் வளாகத்திலேயே தொடங்கிய மிருகக்காட்சி சாலை, பின்னர் மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நகரம் நாற்புறமும் நெருக்கியபின் 1985-இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர். இங்கே பல மிருகங்கள் கம்பிக்கூண்டுக்குள் அடைபடாமல், அகழி சூழ்ந்த திறந்த வெளிகளில் மரம் செடிகளின் நடுவே உலவுவதால், மண்ணையும் நிழலையும் புல்லையும் சேர்த்து ஒரு பிராணியைப் படம் எடுக்கும் வாய்ப்பு கிட்டுகிறது.

முதலாவதாகக் கவனிக்கத்தக்கது வெளிச்சம். செவ்வாய்க்கிழமை நீங்கலான நாட்களில், கதவு திறந்தவுடன் உள்ளே செல்பவரே பாக்கியசாலி. உச்சிவெயில் ஏறிவிட்டால் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும், மான்களின் முகத்திலோ கறுத்த நிழல் விழுந்து கண்களை மறைத்துவிடும். மார்கழி, தை மாதங்களின் சாய்ந்த இளவெயில் இதற்கு மிக உகந்தது. அடுத்தது பொறுமை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலைத் துறந்து, இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் நின்றால், ஒரு சிங்கவால் குரங்கு எந்தக் கிளைக்கு எந்த வழியாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்பது புலப்படும். அது வருவதற்கு முன்னரே அந்தக் கிளையில் கேமராவை நிலைநிறுத்திக் காத்திருக்கலாம்.

வலைக்குப் பின்னால் இருக்கும் பிராணிகளுக்கு ஓர் உபாயம் உண்டு. தடுப்பைத் தாண்டாமல், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் லென்ஸைக் கொண்டுசென்று, லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, பிராணியின் கண்ணில் குவியத்தை வைத்தால், அருகிலுள்ள கம்பி முழுவதும் கலங்கிக் கரைந்து படத்திலிருந்து மறைந்துவிடும். வெயில் படும் கம்பி பளபளக்குமாதலால், வலையின் நிழல் விழுந்த பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைப் புலியைப் படம் எடுப்போர் அது சாம்பல் நிறமாகிவிட்டதே என்று வருந்துவதுண்டு. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரமான சாம்பல் நிறமாகவே பாவித்துக் கணக்கிடுவதே அதற்குக் காரணம். வெண்மையான பிராணிக்கு ஒளியைச் சற்றுக் கூட்டியும், கரடி போன்ற கருநிறப் பிராணிக்குச் சற்றுக் குறைத்தும் வைத்தால் இயற்கையான நிறம் வந்துவிடும். பிளாஷ் விளக்கை மட்டும் எக்காரணத்தாலும் உபயோகிக்கலாகாது. இருட்டில் வாழும் பிராணிகளின் கண்ணை அது துன்புறுத்துவதோடு, கண்ணாடிச் சுவரில் பிரதிபலித்து நம் படத்தையும் கெடுத்துவிடும். உறங்கும் விலங்கைக் கூச்சலிட்டு எழுப்புவதும் கல்லெறிவதும் தீனி வீசுவதும் குரூரமான செயல்கள். அவ்விதம் எழுப்பப்பட்ட மிருகத்தின் முகத்தில் பயமும் எரிச்சலும்தான் பதியுமேயன்றி அதன் சுபாவம் பதியாது.

பூங்காவுக்குச் செல்பவர்கள் மரம் செடி கொடிகளைக் கவனியாமல் நடந்துவிடுவது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது. கோரமண்டல் கரைக்கே உரிய புதர்க்காட்டின் எச்சம் இந்த வளாகத்தில் உள்ளது. ஒரு செடியைப் படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துத் திருப்தியடையாமல், இலை, காய், பட்டை, செடியின் முழு உருவம் ஆகியவற்றையும் தனித்தனியே பதிவு செய்தால், பிற்பாடு அதன் பெயரை விஷயமறிந்தவர்களிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளலாம். மேகம் கவிந்த காலைப்பொழுதும் காற்று ஓய்ந்த கணமும் மலர்களுக்கு ஏற்றவை. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிக்கரையிலோ, எவரும் அடைத்து வைக்காத நீர்ப்பறவைகள் தாமாகவே வந்து தங்குகின்றன.

தமிழ்நாட்டில் இயற்கையைப் படம் எடுக்கும் இக்கலையைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினையாமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராக 1912-இல் பிறந்து, 1996-இல் மறைந்த அவர், கறுப்பு வெள்ளைப் படச்சுருளையும், தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்துச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்ட கனத்த கேமராவையும் கொண்டு, காட்டு யானைகளையும் பிற விலங்குகளையும் படம் எடுத்தார். 1950 முதல் இறுதிநாள் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். யானைக்குக் காட்டிய சிரத்தையை அணிலுக்கும் காக்கைக்கும் வேலியோரச் செடிக்கும் அவர் குறைவின்றிக் காட்டினார் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

அதனோடு சத்தியமும் வேண்டும். பூங்காவில் எடுத்த புலியைக் கானகத்தில் எடுத்ததாகக் காட்டுவது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். பிராணியின் பெயர், இடம், தேதி, நேரம் ஆகியவற்றைப் படத்தோடு குறித்து வைத்தால், சாதாரணப் படமும் ஒரு சாஸ்திரக் குறிப்பாக உயர்ந்துவிடும்.

வண்டலூரில் இவ்விதம் பழகிய கண்ணுக்கு நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே வேலை நிறைய இருக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துள்ள கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏரிக்கரைதோறும் பனை நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளிகள் மாணவர்களை வண்டலூருக்கு உல்லாசப் பயணமாக மட்டும் அழைத்துச் செல்லாமல், ஆளுக்கொரு குறிப்பேட்டையும் கொடுத்து, திரும்பிய மறுவாரமே தங்கள் ஊர் ஏரிக்குக் கூட்டிச் செல்லுமாயின், தம்மைச் சுற்றி வாழும் உயிர்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு தலைமுறை இங்கே உருவாகும். அத்தலைமுறை ஏரியையும் மரத்தையும் எளிதில் அழியவிடாது.