கணினிக்குள் ஒரு பாலம்

கூலாய், செடெனாக் வட்டாரத் தரவு மையங்கள் போன்றவற்றில் ஒரே சேவையகத்தினுள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குவது வழக்கம். தனி வலையட்டை இல்லாத அவை வெளியுலகோடு பேசுவது எங்ஙனம்? சேவையகம் லினக்ஸாயின், அதன் கருனி ஒவ்வொன்றுக்கும் மென்பொருளாலான ஓர் இடைமுகத்தைப் படைக்கும்; அவற்றையும் மெய்யான வலையட்டையையும் 'பாலம்' ஒன்றில் பூட்டலாம்.

ஜொகூர் மக்களுக்குப் பாலம் என்றால் 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலமே நினைவில் எழும். அப்பாலம் கடப்போரை அறியாது. இதுவோ ஒவ்வொரு பொதியின் அனுப்புநர் வன்பொருள் முகவரியையும் நோக்கி, எவர் எவ்வாயிலில் உள்ளார் எனக் குறித்துக்கொள்ளும். அறியாத முகவரிக்குரிய பொதியை, அது வந்த வாயில் நீங்கலாக எல்லா வாயில்களுக்கும் அனுப்பும். 300 நொடி பேசாதிருந்தவரை மறந்தும்விடும்.

மாணவர் பெரிதும் இடறுவது ஓரிடத்திலேயே. பாலத்தில் சேர்ந்த வலையட்டை வெறும் வாயிலாகிவிடும். ஆதலின் அதன் ஐபி முகவரியைப் பாலத்திற்கு மாற்றியாக வேண்டும். மறந்தால் கணினியின் தொடர்பு அறுபடும்; தொலைவிலிருந்து அமைப்பவர்க்குத் திருத்தவும் வழியிராது. முதற்பயிற்சியைக் கணினியின் முன் அமர்ந்தே செய்க. வைஃபை அட்டை பொதுவாகப் பாலத்தில் சேர மறுக்கும். கம்பிவழி அட்டையே ஏற்றது. அட்டையே சேர்க்காமலும் பாலம் அமைக்கலாம். அப்போது மெய்நிகர் கணினிகள் தமக்குள் மட்டும் பேசும். பள்ளியின் பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும்.