டாக்டரிடம் பேச வேண்டியவர் யார்?

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்து மருந்தகங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற காரியம் இது. இரும்புத் தகடு விழுந்து விரல் நசுங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் பதில் சொல்வார். "ரூம் கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர்." அடிபட்டவர் தலையை ஆட்டுவார். ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), மூன்று நாள் லைட் டூட்டி (இலகுவான வேலை), கொஞ்சம் வலி மாத்திரை, அவ்வளவுதான். சில மாதம் கழித்து, விரல் மடங்கவில்லை என்று தேக்கா பக்கம் உதவி தேடி வருகிறபோது அவர் கையில் இருப்பது ஒரே ஒரு சீட்டு. வேலையிடத்தில் அடிபட்டது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

முதல் நாள் டாக்டர் எழுதுகிற குறிப்புதான் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஆகவே டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த மெஷின், கூட யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் கைப்பேசியில் தமிழில் தட்டி, மொழிபெயர்த்துக் காட்டுங்கள். கம்பெனி ஆள் வெளியே இருக்கட்டும் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. மருந்தகத்துக்குப் பணம் கட்டுவது கம்பெனியாக இருக்கலாம், நோயாளி நீங்கள்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் புதிய வடிவம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விபத்துக்கு யார் காரணம் என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. "உன் கவனக்குறைவுதான், உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலையிடக் காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், வெறும் லைட் டூட்டி கொடுத்தாலும், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர்கள் பழைய விதியைப் பேசுகிறார்கள்.

சம்பளக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் எம்சி என்றால் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம். மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல், விபத்து நடந்து ஓராண்டு ஆகும் வரை, மூன்றில் இரண்டு பங்கு. லைட் டூட்டி நாட்களுக்கும் இதே கணக்குதான். இந்தச் சம்பளத்தைக் கணக்கிடுவது உங்கள் சராசரி வருமானத்தை வைத்து. ஓவர்டைம் பணமும் அதில் சேரும். வெறும் பேசிக் சம்பளத்தை நீட்டினால் கேள்வி கேளுங்கள். சிகிச்சைச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு அதன் உச்சவரம்பு 53,000 வெள்ளி.

லைட் டூட்டிதான் பெரிய ஏமாற்று. ஒரு கையால் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதுவார். மறுநாள் லாரியில் ஏற்றி அதே சைட்டில் இறக்கிவிடுவார்கள். இதில் மருத்துவருக்கும் பொறுப்பு உண்டு. 2011இல் கை எலும்பு முறிந்த ஒரு கட்டுமான ஊழியருக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், 2 நாள் எம்சியும் அதற்குப் பிறகு லைட் டூட்டியும் கொடுத்தார். ஒழுங்குமுறைக் குழு அவரை விடுவித்தும், சிங்கப்பூர் மருத்துவ மன்றம் விடாமல் மேல்முறையீடு செய்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் 2016இல் அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. லைட் டூட்டி எழுதுகிற மருத்துவர், அப்படி ஒரு வேலை அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஊழியரிடம் விசாரித்திருக்க வேண்டும் என்பது அந்த வழக்கின் சாரம். கம்பெனி ஒப்பந்தங்களை நம்பி நடக்கும் மருந்தகக் குழுமங்களில் வேலை பார்க்கும் மருத்துவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தால் நல்லது. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது காரணமாகாது.

கம்பெனி மருந்தகத்தில் திருப்தி இல்லையென்றால் வேறு மருத்துவரிடம் போகலாம். 2019 ஏப்ரல் 1 முதல், பதிவு பெற்ற எந்த மருத்துவர் கொடுக்கும் எம்சியையும் முதலாளி ஏற்க வேண்டும். தங்குவிடுதிவாசிகளுக்கு 2022 ஏப்ரலில் தொடங்கிய அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் காய்ச்சல், இருமல், சர்க்கரை போன்றவற்றுக்கு நல்லதுதான். நேரில் பார்க்க 5 வெள்ளி, வீடியோவில் பார்க்க 2 வெள்ளி. ஆனால் அடிபட்ட கையை வீடியோவில் காட்டி முடித்துவிடாதீர்கள். எலும்பு முறிவு, தலையில் அடி, ரசாயனத் தீக்காயம் என்றால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள், அல்லது நேராக இங் டெங் ஃபோங் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கம்பெனி லாரி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

எம்சி, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை, அடுத்த அப்பாயின்ட்மென்ட் அட்டை எல்லாவற்றையும் கம்பெனியிடம் கொடுப்பதற்கு முன்பே படம் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மீண்டும் சொல்கிறேன், கொடுப்பதற்கு முன்பே. காயம்பட்ட இடத்தையும் மெஷினையும்கூடப் படம் எடுங்கள். படிக்க முடியாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். இழப்பீட்டு மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால், அதை ஆட்சேபிக்க 14 நாள்தான் அவகாசம்.

கம்பெனி விபத்தைத் தெரிவிக்கவில்லையா? நீங்களே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கலாம்: 6438 5122, சேவை நிலையம் 1500 பெண்டமியர் ரோட்டில் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 இரவு பகல் எந்நேரமும் இயங்கும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பின் எண் 6247 7001. பெர்மிட்டை வெட்டி டிக்கெட்டைக் கையில் திணித்தாலும் இழப்பீட்டு உரிமை போய்விடாது. அப்படி டிக்கெட் வந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே இந்த எண்களில் ஒன்றுக்கு அழைத்துவிடுங்கள். வழக்கு நடக்கும் காலத்தில் தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி அட்டை உண்டு.

இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது. விரல் தானாகச் சரியாகும் என்று காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிடாதீர்கள்.