உங்களுக்குத் தெரியுமா? பாட்டிகளின் கேள்வியில் பிறந்த ஆய்வு

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றது. சிறைப்பட்ட பெண்கள் பெற்ற குழந்தைகளை ராணுவத்தினரும் அவர்களுக்கு வேண்டியவர்களும் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள். அப்படிப் பறிபோனவர்கள் சுமார் 500 பேர் என்பது, அந்தப் பேரப்பிள்ளைகளைத் தேடும் ‘பிளாசா டி மாயோ பாட்டிகள்’ அமைப்பின் கணக்கு.

பெற்றவர்களே உயிரோடு இல்லை. தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா? விஞ்ஞானிகளிடம் இதைக் கேட்டவர்கள் அந்தப் பாட்டிகள்தான். எத்தனை கூர்மையான கேள்வி! அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதற்கான கணக்கீட்டு முறையை வகுத்தனர். 1984-இல் ஒரு சிறுமியின் உண்மையான குடும்பம் அந்த முறையால் நிரூபணமானது. தாய்வழியில் மட்டுமே இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளைக் கண்டறியப் பின்னாளில் பெரிதும் உதவியது. 1987-இல் இதற்கென்றே தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டம் இயற்றி அமைத்தார்கள்.

கொல்லப்பட்டவர்களை அடையாளம் காண, எலும்புகளை ஆராயும் நிபுணர் கிளைட் ஸ்னோவும் 1984-இல் அர்ஜென்டினாவுக்குச் சென்றார். புதைகுழிகளைத் தோண்ட அவருக்குத் துணிந்து கைகொடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் உருவாக்கிய அர்ஜென்டினா தடயவியல் மானுடவியல் குழு, பின்னர் எல் சால்வடார் உட்படப் பல நாடுகளில் காணாமல்போனோரைத் தேடிக் கொடுத்தது.