வீட்டில் உஷ்ணப் பம்பு அமைக்கும் செலவு

குளிர்ந்த தேசங்களில் வாழும் குடியானவனுக்கு, விதையும் எருவும் போலவே, வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வதும் வருஷந்தோறும் தவறாது வரும் செலவாகும். இங்கிலாந்தின் நகரங்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. கிராமங்களிலுள்ள பண்ணை வீடுகள் பலவற்றிற்கு அவ்வசதி இல்லாமையால், மண்ணெண்ணெயைத் தொட்டியில் சேமித்து வைத்து, பாய்லரில் எரித்து, சூடான நீரை அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகின்றனர். எண்ணெய் விலையோ நிலையற்றது. 2022ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அது லிட்டர் 1 பவுனுக்கு மேல் ஏறியபோது அநேக குடும்பங்கள் திகைத்தன. இத்தகைய காரணங்களால், வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தை எடுத்து வீட்டிற்குள் சேர்க்கும் உஷ்ணப் பம்பு என்னும் யந்திரத்தின்மீது அங்குள்ளோர் கவனம் செலுத்தி வருகின்றனர். அதற்கு ஆகும் செலவையும், அச்செலவு எந்நிலையில் பலன் தரும் என்பதையும் விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்தின் தன்மை

பள்ளத்திலுள்ள கிணற்று நீரை மேட்டு நிலத்திற்கு ஏற்றுவது நீர்ப் பம்பின் தொழில். அவ்வாறே குளிர்ந்த இடத்திலுள்ள உஷ்ணத்தைச் சூடான இடத்திற்கு ஏற்றுவது உஷ்ணப் பம்பின் தொழில். உறைநிலைக்குக் கீழுள்ள காற்றிலும் உஷ்ணம் முற்றிலும் இல்லாமற் போவதில்லை. யந்திரத்தினுள் ஓடும் திரவம் அவ்வுஷ்ணத்தை ஏற்று ஆவியாகிறது. கம்ப்ரெஸ்ஸர் அந்த ஆவியை அழுத்த, அது மிகவும் சூடேறித் தன் உஷ்ணத்தை நீருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பால் குளிரூட்டும் நிலையங்களில் வேலை செய்யும் யந்திரமும் இம்முறையைச் சேர்ந்ததே. அங்கே வெளியே தள்ளப்படும் உஷ்ணமே இங்கே பயன்பொருளாகிறது.

இது புதிய கருத்தன்று. கெல்வின் பிரபு எனப் பின்னர் அறியப்பட்ட வில்லியம் தாம்ஸன் 1852லேயே இதனை விளக்கினார். 1945ல் நார்விச் நகரில் ஜான் சம்னர் என்னும் எஞ்சினீயர், வென்ஸம் ஆற்று நீரின் உஷ்ணத்தைக் கொண்டு ஒரு கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார்.

கிணறு ஆழமாக ஆழமாகப் பம்புக்கு மின்சாரம் அதிகம் செலவாவதை யாவரும் அறிவர். இங்கும் அதே விதிதான். வெளிக்காற்றிற்கும் ரேடியேட்டர் நீருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் குறைந்தால் மின்சாரமும் குறைவாகச் செலவாகும். ஆகையால் பாய்லர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கும் வீட்டில், உஷ்ணப் பம்பைக் கொண்டு 45 டிகிரியிலேயே அறைகளைச் சூடாக்க முயல வேண்டும்.

அமைக்கும் செலவு

ஒரு சாதாரணக் குடும்ப வீட்டில் இதனை அமைக்க, பெரும்பாலும் 10,000 பவுன் முதல் 15,000 பவுன் வரை ஆகிறது. யந்திரத்தின் விலை இத்தொகையில் ஒரு பகுதியே. சுடுநீர் சேமிக்கும் கலம், குழாய்கள், மின்சார இணைப்பு, வெளியே யந்திரம் நிற்பதற்கான மேடை, வேலையாட்களின் கூலி ஆகியவை மற்றொரு பகுதியாகும். நீரின் சூடு குறைவதால், அதே உஷ்ணத்தைத் தருவதற்குச் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர்கள் வைக்க நேரிடும். பழைய மெல்லிய குழாய்களையும் சில வீடுகளில் மாற்ற வேண்டியிருக்கும். செலவுத் திட்டம் எதிர்பாராமல் உயர்வது பெரும்பாலும் இவ்விரண்டினாலேயே.

சர்க்கார் உதவியும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022ல் தொடங்கிய பாய்லர் மாற்றும் திட்டத்தில் முதலில் 5,000 பவுன் மானியம் அளிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 7,500 பவுனாக உயர்த்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற வேலைக்காரரே மனுச்செய்து, மானியத் தொகையைப் பில்லில் கழித்துக்கொள்வர். இவ்வேலைக்கு விற்பனை வரியும் 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச்சு வரை நீக்கப்பட்டது. ஆகவே 12,500 பவுன் ஆகும் வேலையில் வீட்டுக்காரர் கொடுப்பது 5,000 பவுன். பழைய பாய்லர் தேய்ந்து, எப்படியும் புதியது வாங்கவேண்டிய சமயமாயின், புதிய பாய்லரின் விலையையும் இத்துடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டுமே அதிகச் செலவாகக் கருதவேண்டும்.

ஓட்டும் செலவு

வருஷத்திற்கு 15,000 யூனிட் உஷ்ணம் தேவைப்படும் வீடு ஒன்றைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்வோம். 2024ம் வருஷக் கடைசி மூன்று மாதங்களில் அங்கு நிர்ணயிக்கப்பட்ட உச்ச விகிதம், மின்சாரம் யூனிட்டுக்கு 24.5 பென்ஸும் எரிவாயு 6.24 பென்ஸும் ஆகும். எண்ணெய் லிட்டர் 65 பென்ஸ் என்றும், ஒரு லிட்டருக்கு 10 யூனிட் உஷ்ணம் என்றும், பாய்லரில் நூற்றுக்கு 85 பங்கு உஷ்ணமே பயனாகிறது என்றும் வைத்துக்கொண்டால், வருஷச் செலவு பின்வருமாறு ஆகிறது:

நேரடி மின்சார அடுப்பு: 3,675 பவுன்.
எண்ணெய்ப் பாய்லர்: 1,147 பவுன்.
எரிவாயுப் பாய்லர்: 1,101 பவுன்.
ஒரு யூனிட் மின்சாரத்திற்கு 2.8 யூனிட் உஷ்ணம் தரும் பம்பு: 1,313 பவுன்.
3.5 யூனிட் தரும் பம்பு: 1,050 பவுன்.

இக்கணக்கிலிருந்து அறியவேண்டியது யாதெனில், யந்திரம் ஒன்றே ஆயினும், அமைப்பின் நேர்த்திக்கேற்ப இலாபம் நஷ்டமாகவும், நஷ்டம் இலாபமாகவும் மாறும். பிரிட்டிஷ் சர்க்கார் 742 வீடுகளில் செய்வித்த பரீட்சையில் நடுத்தரமான பலன் ஏறக்குறைய 2.8 ஆகவே இருந்தது. அந்நிலையில் எரிவாயு உள்ள வீட்டாருக்குச் செலவு கூடும். 3.3க்கு மேல் பலன் கிட்டினால்தான் அவர்களுக்குச் சரிக்கட்டும். எண்ணெய் லிட்டர் 1 பவுனாக ஏறிய வருஷத்திலோ எண்ணெய்ப் பாய்லரின் செலவு 1,765 பவுனாகிவிடும். அப்போது சுமாரான பம்பும் ஆதாயமே. நேரடி மின்சாரத்தால் சூடாக்கும் வீட்டாருக்கோ எந்நிலையிலும் பெரும் ஆதாயம் உண்டு.

கவனிக்கவேண்டியவை

முதலாவது, கூரையையும் சுவரின் சந்துகளையும் அடைத்து உஷ்ணம் வெளியேறாமல் தடுக்க வேண்டும். ஓட்டை வாய்க்காலில் நீரிறைப்பது வீண் வேலையன்றோ? இரண்டாவது, ஒவ்வோர் அறையும் எவ்வளவு உஷ்ணத்தை இழக்கிறது என்று அளந்து கணக்கிடாமல், பழைய பாய்லரின் அளவைப் பார்த்து யந்திரம் வாங்கலாகாது. சிறியதாயின் கடுங்குளிரில் முதியோரும் குழந்தைகளும் வருந்துவர். பெரியதாயின் அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தை விழுங்கும். மூன்றாவது, கிராமத்து மின்சாரக் கம்பி அப்பாரத்தைத் தாங்குமா என்று முன்னதாகவே விசாரித்தறிய வேண்டும். ஒரு பேஸ் இணைப்புள்ள பண்ணையில் இது முக்கியம். நான்காவது, யந்திரத்தில் படியும் பனி உருகி வடியும் நீர் நடைபாதையில் உறைந்து வழுக்காதபடி வடிகால் அமைக்க வேண்டும்.

இரண்டு மூன்று பேரிடம் எழுத்து மூலமாகச் செலவுத் திட்டம் பெற்று, மொத்தத் தொகையை மட்டுமன்றி, எந்த நீர்ச்சூட்டில் எத்தனை மடங்கு பலன் கிட்டும் என்று அவர்கள் உறுதி கூறுகின்றனர் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஐந்நூறு பவுன் குறைவாகச் சொன்னவரிடம் வேலையை ஒப்படைத்து, வருஷந்தோறும் இருநூறு பவுன் மின்சாரத்திற்குக் கூடுதலாகச் செலுத்துவது சிக்கனமாகாது. மானியம் ஒரு முறையே கிடைக்கும். மின்சாரப் பில்லோ யந்திரம் உழைக்கும் வருஷங்களெல்லாம் வரும். கிணற்றிற்குப் பம்பு வைக்கும் நமது மிராசுதார்களுக்கும் இது பொருந்தும் நியாயமே.